இந்துஜா சொன்ன தமிழ்

பழைய கம்ப்யூட்டரைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிடாதே, பட்டாபி. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பொருத்தினால் அதுவே வீட்டுக்கு ஒரு சர்வர். நம் போட்டோவும் வீடியோவும் ஏதோ ஒரு கம்பெனியின் கிடங்கில் கிடக்க வேண்டியதில்லை. தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் என் மேஜைக்கடியில் அப்படித்தான் ஒன்று ஓடுகிறது.

உன் அக்கா வத்சலா காலமான பிறகு அதை அமைத்தேன். போட்டோ வைத்திருந்த கம்பெனிக் கணக்கை மூடிவிடு என்றபோது மகள் இந்துஜா தயங்கினாள்.

"பக்கா சேஃபாப்பா?"

"ரெண்டு டிஸ்க் இருக்கும்மா. ஒண்ணுல இருக்கறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும்" என்றேன். ஒன்றில் அழித்தால் அந்தக் கணமே இன்னொன்றிலும் அழியும். அதை அவள் கேட்கவில்லை. நம்பித் தன் போனிலிருந்தும் நீக்கிவிட்டாள்.

வரிசைப்படுத்த உட்கார்ந்தபோதுதான் அந்த வீடியோக்களைப் பார்த்தேன். குர்கானிலிருக்கும் மகளுக்கு வத்சலா சமையல் சொல்லித்தந்தவை. அடுப்பில் ரசம் கொதிக்கும். இவள் என்னைப் பற்றிப் பேசுவாள்.

"உப்பு பத்தலைன்னாக்கூட உங்கப்பா 'மேற்படி ரசம் தொடர்பாக'ன்னுதான்டி ஆரம்பிப்பார்."

"பாவம்மா நீ. உனக்கு மெடல் தரணும்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். எந்த வீடியோவைத் திறந்தாலும் இதே கச்சேரி. அந்த ரசத்தைத்தான் நான் தலை குனிந்து சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். எனக்கெதிரே ஒருநாள்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

நான் கோபப்படவில்லை. கோபக்காரன் டிஸ்கைத் தரையில் அடித்து உடைத்திருப்பான்.

போன மாதம் இந்துஜா போன் செய்தாள். "உங்க சர்வர் பைத்தியத்தை நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு அம்மா மட்டும் போதும். அம்மா வீடியோ எல்லாத்தையும் எடுத்துடுங்கப்பா, ஜல்தி."

தில்லியில் பிறந்தவள். இந்தியில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள். 'எடுத்து வையுங்கள்' என்றால் பத்திரப்படுத்துவது, 'எடுத்துவிடுங்கள்' என்றால் நீக்குவது. மன்னார்குடியில் தமிழ் மீடியம் படித்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அவள் தமிழை நான் திருத்தாத நாளே கிடையாது. அன்று திருத்தவில்லை.

சொன்னதைச் செய்தேன். நிச்சயமாக நீக்கவா என்று திரையில் கேட்டது. ஆமாம் என்றேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

அம்மாவின் குரலே மறந்துபோகிறது என்று அழுகிறாள், சாப்பிடுவதில்லை, நீங்கள் மனுஷன்தானா என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். என்னை ஏன் கேட்கிறாய்? சொன்னது அவள். வாய்தவறிப் பேசினால் அதன் பலனையும் அவள்தானே அனுபவிக்க வேண்டும்?

அவள் பேச்சு அத்துடன் முடியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். எதையும் மறைக்கிற வழக்கம் எனக்கில்லை. "சண்டே பென் டிரைவ் கொண்டு வரேன்ப்பா, அதுல போட்டுக் குடுங்க" என்றாள்.

"வேண்டாம்மா, சும்மா வா" என்றேன். போனை வைத்த பிறகுதான் சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.