தோணி ஏறும் முன் சொன்ன சொற்கள்

ஓடுகிறோம். உப்புத் தண்ணீரில் வளரும் கண்ணாப் பற்றைகளுக்குள்ளால் ஓடுகிறோம். மார்கழி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை வெயில் ஏறும் நேரம். இடுப்பில் என் மகள். முதலில் தூரத்தில் ‘டும்’ என்று கேட்கும். பிறகு கூவிக்கொண்டு வரும். கூவல் சட்டென்று நின்றால் பக்கத்தில் விழப்போகிறது. எங்களூர்ச் சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

“ஷெல் வருகுது! குனிங்க! குனிங்க!” பின்னால் யாரோ கத்தினார்.

முதுகில் மண் கொட்டியது. எழுந்தோம். உப்பாற்றங்கரையில் என் புருசன் தோணியோடு நிற்கிறார்.

எங்களூர் வாகரைப் பக்கம். ஒரு பாதியில் நாங்கள், மீன்பிடிக்கும் தமிழர். மறுபாதியில் வேடர். அவர்களும் வீட்டில் தமிழ்தான் பேசினார்கள். சடங்கில் மட்டும் அவர்களுடைய பூசாரி காத்தானின் வாயில் வேறு பாஷை வரும். தமிழுமில்லை, சிங்களமுமில்லை. அவருடைய பாட்டன் பூட்டன் பேசியது. அது முழுதாய்த் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

வேடர் வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். ஆனால் கைப்பிள்ளையோடு ஒருத்தி தோணி ஏறினால், காத்தான் தண்ணீரில் நின்று அந்தச் சொற்களைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்துக் கடைசியாக அவர் ஏறுவார். தேவைப்பட்டால் பூசாரியார். மற்ற நாளில் வெறும் காத்தான். வெட்கங்கெட்ட சனம் நாங்கள்.

அன்று அவரும் மனைவி பொன்னியும் எங்களுக்கு முன்பே கரைக்கு வந்துவிட்டார்கள். பொன்னி ஏறிவிட்டாள். அவரும் ஒரு காலைத் தோணிக்குள் வைத்துவிட்டார். நான்தான் ஏறாமல் நின்றேன். என் முதற்பிள்ளையை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தவள் நான். அந்த முறை காத்தானைக் கூப்பிடாமல் ஏறியிருந்தோம்.

“பூசாரியார், சொல்லுங்க! சொல்லாம நான் புள்ளையோட ஏற மாட்டன்!”

“விசரி! ஏறடி!” புருசன் கத்தினார்.

காத்தான் என் மகளைப் பார்த்தார். வைத்த காலை எடுத்தார். இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று கண்ணை மூடினார். நான் ஏறினேன். அவர் சொல்கிறார். அவசரமில்லை. ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. டும். கூவுகிறது.

“ஏறுங்க! கெதியா ஏறுங்க!” பொன்னி கத்துகிறாள்.

கூவல் நின்றது. ஆறு எழும்பி எங்கள் மேல் விழுந்தது. தோணி கவிழவில்லை. சுற்றிலும் தண்ணீர் சிவந்து கிடந்தது. புருசன் கோலை ஊன்றித் தள்ளினார். பொன்னி குதிக்கப் போனாள். இழுத்துப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. அதுவும் சரியா என்று எனக்குத் தெரியாது.

மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நன்றாக இருக்கிறாள். அவளைப் பார்த்து முழுதாய்ச் சந்தோசப்பட என்னால் முடியவில்லை. வேடர் சடங்கை இன்றும் செய்கிறார்கள், தமிழில். பொன்னி ஒரேயொரு முறை என்னிடம் கேட்டாள்.

“அவர் சொல்லாட்டி என்னகா நடந்திருக்கும்?”

ஒன்றும் நடந்திருக்காது. எல்லாரும் அக்கரை சேர்ந்திருப்போம். அதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நாங்கள் இழந்தவை இவை. என் வீடு. பொன்னியின் வீடு. இரண்டு வலை. ஒரு பசுவும் கன்றும். காத்தான், ஐம்பது தாண்டிய மனிதர், உடல் கிடைக்கவில்லை. அவரோடு ஒரு பாஷை. அதில் எத்தனை சொற்கள் இருந்தன என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுக்காவது என்ன பொருள் என்று நான் அவரிடம் கேட்டதில்லை.