டயருக்கு ஒரு ஞானத்தகப்பன்

குளிரில் உடல் நடுங்கினாலும் குரல் நடுங்காமல் இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் குடியிருப்போர் மன்றத் தலைவர், பெருமதிப்பிற்குரிய ஐயா அனக்லேத்தோ அவர்களே, ஆறு சவப்பெட்டிகளுக்கும் அடுத்தடுத்துச் செபம் சொல்லித் தொண்டை கட்டிப்போன பங்குத்தந்தை அவர்களே, சான் ரோமான் சரிவின் மினிபஸ் சங்கப் பொறுப்பாளர்களே, கறுப்புச் சால்வை போர்த்து வந்திருக்கும் என் தாய்மார்களே, பெரியோர்களே, வரிசையில் நின்று நின்றே வயதைக் கழித்த பயணிகளே, வண்டியோட்டும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும், பாவாடை தைத்துப் பிழைக்கிற செனோவியாவின் பணிவான வணக்கம்.

மாலை வாங்க நான் இந்த மேடை ஏறவில்லை. மார்தட்டிப் பேச ஏறவில்லை. மண் காயாத கல்லறைகளிலிருந்து நேரே நடந்து வந்திருக்கிறேன். இறந்தவர்களுக்காக அழுது முடித்துவிட்டோமா? இல்லை. ஆனால் நம் அழுகை முடியட்டும் என்று அரசாங்கம் காத்திருக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை நம் வழித்தடத்து வண்டிகளுக்கு மறு ஆய்வு. தேறினால் புதன்கிழமை காலையிலேயே வண்டிகள் கீழ்நகரத்துக்கு இறங்கும். அந்த ஆய்வு பழையபடி நடக்கலாமா, கூடாதா? இதை முடிவு செய்யத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

பின்னாலிருந்து யாரோ 'சத்தமாப் பேசுங்க' என்கிறீர்கள். தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிறது, தம்பி. அதை நிறுத்துகிற அதிகாரம் மன்றத்துக்கு இல்லை. கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

நான் கேட்கிறேன், நம் சரிவில் எதற்குத்தான் ஞானத்தகப்பன் இல்லை? பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் ஒரு ஞானத்தகப்பன். சரி, அது திருச்சபை சொன்னது. கல்யாணம் என்றால் மோதிரச் செலவை ஏற்க ஒருவர், கேக்குக்கு ஒருவர், பீருக்கு ஒருவர், பாண்டு வாத்தியத்துக்கு ஒருவர். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கதவு மாட்டியபோதுகூட ஒரு ஞானத்தகப்பனைப் பிடித்துவந்து ரிப்பன் வெட்ட வைத்தோமே, மறந்துவிட்டீர்களா? சிரியுங்கள், தாய்மார்களே. இன்று சிரிப்பதற்கு இனி நான் இடம் தரப்போவதில்லை.

ஒரு கூடை ரொட்டி, இரண்டு புட்டி பீர். கொண்டுபோய் வாசலில் நின்று 'ஞானத்தகப்பனா நில்லுங்க' என்று கேட்டுவிட்டால் முடிந்தது. கேட்டதைத் தட்டக்கூடாது. கொண்டுவந்ததைத் திருப்பக்கூடாது. திருப்பி அனுப்பியவனோடு நாம் தெருவில் பேசமாட்டோம், திருவிழாவில் ஆடமாட்டோம், அவன் கூரைக்குத் தகரம் தூக்கப் போகமாட்டோம். அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இந்தச் சரிவில் ஒரு வீடும் எழுந்திருக்காது. அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அன்பை எங்கே கொண்டுபோய் நிறுத்தினோம்? ஆய்வு வளாகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். டயருக்கும் ஒரு ஞானத்தகப்பனைக் கண்டுபிடித்தோம்.

இதோ மூன்றாவது வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே பொன்சியானோ அண்ணன், அவர்தான் அந்த ஞானத்தகப்பன். இருபது வருடமாக வண்டியோட்டுகிறார். சங்கத்தில் நல்ல டயர் மாட்டிய வண்டி அவருடையது ஒன்றுதான். ஆய்வுத் தேதி நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததும் அவர் வீட்டு வாசலில் ரொட்டிக்கூடைகள் வந்துவிடும். அந்த நாலு டயர்களும் ஒரு வண்டியில் மாட்டி உள்ளே போகும். தேறி வெளியே வரும். மூலையில் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டி மறுபடி உள்ளே போகும். தேறியது வண்டியா? இல்லை. தேறியது டயரா? அதுவும் ஏற்கெனவே தேறிய டயர்தான். அதிகாரி அந்த டயர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரிக்காததுதான் பாக்கி.

விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் பொன்சியானோ அண்ணன் வீட்டில் இருந்தேன். திருவிழாவுக்காக அவர் மனைவி பாசிலியாவுக்குப் பாவாடை அளவெடுக்கப் போயிருந்தேன். பாசிலியாவை உங்களுக்குத் தெரியும். கீழ்நகரச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவள். விற்றவள் என்று சொல்ல இன்னும் நாக்கு பழகவில்லை. அப்போது தேமெத்ரியோ வந்தான். கையில் ரொட்டிக்கூடை.

"அண்ணே, நாளைக்கு என் வண்டிக்கு ஆய்வு. நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்" என்றான்.

"உன் டயரு எப்படிடா இருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

தேமெத்ரியோ தொப்பியைக் கழற்றிக் குனிந்து காட்டினான். "இந்தத் தலை மாதிரிதாண்ணே, வழுவழுன்னு."

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "மழைக்காலம்டா. முன்சக்கரம் ரெண்டையாவது மாத்திடேன்."

"மாத்தணும்ணே. மாத்த மாட்டேன்னா சொல்றேன்? கெட்டுப்போச்சுன்னு சங்கத்துல சொன்னா வண்டிய நிறுத்துன்னு சொல்லுவாங்க. நிறுத்தினா என் முறை போயிரும். முறை போனா அப்புறம் வரிசையில கடைசி. திருவிழா முடியட்டும், மாத்திடறேன்."

அண்ணன் தயங்கினார். அப்போது பாசிலியாதான் சொன்னாள்: "குடுத்துத் தொலைங்களேன். ரொட்டிய வாங்கி மேசையில வெச்சாச்சு, இனிமே என்ன யோசனை? புள்ளகுட்டிக்காரன், பாவம்."

அந்த அறையில் கெட்டவர் யாராவது இருந்தாரா? சொல்லுங்கள். கேட்டவன் கெட்டவனா? கொடுத்தவர் கெட்டவரா? கொடுக்கச் சொன்னவள் கெட்டவளா? அங்கே இருந்ததெல்லாம் அன்பு. அன்பைத் தவிர வேறெதுவும் இல்லாததுதான் குற்றமாகப் போயிற்று. அச்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதட்டல் கொஞ்சம் இருந்திருக்கலாம். அயலார் ஒருவர் உள்ளே வந்து அந்தச் சிரிப்பை நிறுத்தியிருக்கலாம்.

திங்கட்கிழமை வண்டி தேறியது. முன்கண்ணாடியில் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வழக்கப்படி டயர்கள்மேல் பீர் தெளித்து, பூ இதழ் தூவி, அன்னை பூமியையும் அன்னை மரியாளையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டோம். அப்புறம் அந்த நாலு டயர்களையும் கழற்றி அண்ணன் வீட்டுக்கு உருட்டிப் போனார்கள். தெளித்த ஆசீர்வாதமும் அவற்றோடு உருண்டு போயிற்று. தேமெத்ரியோவின் வண்டியில் பழைய டயர்கள் வந்து உட்கார்ந்தன. ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை காலை நிறுத்தத்தில் நானும் இருந்தேன். இரவெல்லாம் மழை. தேமெத்ரியோவின் வண்டி முதலில் நிற்கிறது. அண்ணனின் வண்டி நாலாவது. பாசிலியா மூட்டையோடு முதல் வண்டியில் ஏறப்போனாள்.

"கொஞ்சம் இரேன். என் முறை வந்ததும் ஏறிக்கலாம்" என்று அண்ணன் கூப்பிட்டார்.

"உங்க முறை வர்றதுக்குள்ள சந்தையில என் எடத்துல இன்னொருத்தி உக்காந்துருவா" என்றாள். அப்புறம் முன்கண்ணாடியைக் காட்டிச் சொன்னாள்: "இதுக்கு என்ன குறைச்சல்? ஸ்டிக்கர்ல இன்னும் பசைகூடக் காயல, பாருங்க."

அவர் பார்த்தார். தன் டயர்கள் வாங்கிக் கொடுத்த ஸ்டிக்கரை, தன் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

தாய்மார்களே, இதைத்தான் நான் நெஞ்சில் வைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன். அதிகாரியை ஏமாற்றினோம், அது சின்ன விஷயம். அரசாங்கத்தை ஏமாற்றினோம், அதுவும் நமக்குப் புதிதில்லை. ஆனால் நம் கையால் நாமே செய்த பொய்யை நம் கண்ணாலேயே பார்த்து நம்பினோமே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? டயரைக் கொடுத்தவருக்குத் தெரியும். கொடுக்கச் சொன்னவளுக்குத் தெரியும். அவளே அந்த ஸ்டிக்கரைக் காட்டினாள், அவரே அதைப் பார்த்து அவளை வழியனுப்பினார்.

வாய்க்கால் வளைவில் கல் பாவிய சாலை நனைந்திருந்தது. பிரேக் பிடித்தது. டயர் பிடிக்கவில்லை. மற்றதை நான் சொல்லவேண்டாம். நீங்கள்தான் கயிறு கட்டி இறங்கித் தூக்கினீர்கள்.

யாரது? 'அவனை வெளியே அனுப்பு' என்று குரல் கொடுப்பது யார்? ஆமாம், தேமெத்ரியோ வந்திருக்கிறான். கதவோரம் கட்டுப்போட்ட காலோடு, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். யாரும் அவனுக்கு நாற்காலி தரவில்லை. அவனை அனுப்பலாம். சிறைக்கும் அனுப்பலாம், வழக்கு நடக்கிறது, நீதிபதி பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அவன் போனால் வளைவு போய்விடுமா? மழை போய்விடுமா? இங்கே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைக் கேட்கிறேன்: உங்களில் எத்தனை பேர் வண்டியில் தேமெத்ரியோவின் டயர் ஓடுகிறது? ஏன் எல்லோரும் காலைப் பார்க்கிறீர்கள்? அவனைத் துரத்திவிட்டால் நமக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். ஒரு நாற்காலி கொடுங்கள் அவனுக்கு. அவன் உட்கார்ந்து கேட்கட்டும்.

இந்த மன்றத்தின்முன் நான் வைக்கும் தீர்மானம் இதுதான். தேதி சொல்லிவிட்டு வருகிற ஆய்வு இனி நமக்கு வேண்டாம். வளாகத்தில் நிற்கிற வண்டியைப் பார்ப்பது எதற்கு? நின்ற வண்டி யாரைக் கொன்றது? சரிவில் ஓடுகிற வண்டியை, நனைந்த நாளில், நிறுத்தத்திலேயே, சொல்லாமல் வந்து பார்க்கட்டும். பார்க்கிறவர்கள் சங்கத்துக்கு உறவாக இருக்கக் கூடாது. பயணிகள் தேர்ந்தெடுத்தவர்களும் பக்கத்தில் நிற்க வேண்டும். கெட்ட வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துகிற அதிகாரம் அவர்களுக்கு வேண்டும். சங்கத்தாரே, உங்களுக்கு ஒன்று. என் வண்டி கெட்டுவிட்டது என்று வாய்திறந்து சொல்லுகிற ஓட்டுநருடைய முறையைப் பறிக்காதீர்கள். சொன்னவனைத் தண்டித்தால், அடுத்தவன் சொல்லமாட்டான். சொல்லாதவன் வண்டியில்தான் பாசிலியா ஏறினாள்.

அதுவரை வண்டி ஓடாது. ஆமாம், கேட்கிறது, 'நடந்தா போறது?' என்கிறீர்கள். நடந்துதான். மூட்டையோடுதான். முழங்கால் வலியோடுதான். எனக்கும் இரண்டு முழங்கால்கள் இருக்கின்றன, இரண்டும் வலிக்கின்றன. இது இனிப்பான தீர்மானம் என்று நான் சொல்லவே இல்லை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சொல்லவேண்டாம் என்றுதான் வந்தேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைத்த கோக்கா இலையையும் சிகரெட்டையும் பொன்சியானோ அண்ணன் வீட்டு மேசையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு நேற்று சிலர் வந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். கறுப்புத் துணியோடு வந்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்கள்: "செவ்வாக்கெழமை ஒரே ஒரு தடவை நில்லுங்கண்ணே. வண்டி ஓடலன்னா சரிவே பட்டினி கெடக்கும். இதான் கடைசி."

சொல்லிவிட்டு ரொட்டிக்கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று காலை அண்ணன் அதை என் வீட்டுக்குத் தூக்கிவந்தார். "திருப்பிக் குடுக்கத் தெரியலம்மா. எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல" என்றார். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு சின்னக் குரலில் சொன்னது.

இதோ அந்தக் கூடை. மேடைமேல் வைக்கிறேன். எல்லோரும் பாருங்கள். வீட்டு வாசலில் கேட்டதை நான் சபையில் கேட்கிறேன். பொன்சியானோ அண்ணே, செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு இந்தச் சரிவின் வண்டிகளுக்கெல்லாம் நீங்கள் ஞானத்தகப்பனாக நிற்பீர்களா? ரொட்டி இருக்கிறது. பீர் இருக்கிறது. முறைப்படி கேட்கிறேன்.

அமைதியாக இருங்கள். அவரை அவசரப்படுத்தாதீர்கள். எழுந்திருக்கிறார்.

"முடியாது."

அண்ணே, கூரைச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

"முடியாதும்மா. யாருக்கும் முடியாது. என் வண்டியையும் வேற யாராவது பாக்கட்டும். நான் பாத்தது போதும்."

உட்காருங்கள், அண்ணே. அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.

கேட்டீர்களா, சான் ரோமான் மக்களே? இந்தச் சரிவில் கூடை தூக்கி வந்தவர்களிடம் ஒருவர் முடியாது என்று சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. யாரும் யாருக்கும் பகையாகவில்லை. இனி இந்தச் சொல்லை அவர் ஒருவர் தலையில் சுமத்தாதீர்கள். மனைவியைப் புதைத்துவிட்டு வந்துதான் ஒருவர் இதைச் சொல்லவேண்டும் என்றால், அடுத்து யாருடைய மனைவி, யாருடைய பிள்ளை? முடியாது என்று சொல்வதையே வேலையாகக் கொண்ட ஆட்களை நாம் நியமிக்கவேண்டும். அவர்கள் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் இந்தத் தீர்மானம். தேமெத்ரியோ வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் இந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், பாசிலியா இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, செனோவியா பேச்சு நீளம் என்று பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

தீர்மானத்தை ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள். தேமெத்ரியோ, உன் கையும் தெரிகிறது. ஊன்றுகோல்மேல் சாய்ந்துகொள், விழுந்துவிடாதே. ஓட்டுநர்த் தோழர்களே, உங்கள் பக்கம் இன்னும் கைகள் குறைவாக இருக்கின்றன. நான் காத்திருக்கிறேன்.

இந்தக் குளிரில் பொறுத்திருந்து கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மார்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் என் நன்றி. தூக்கிய கையை யாரும் இறக்கிவிடாதீர்கள். தலைவர் எண்ணி முடிக்கட்டும். உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.