பட்டுன்னா பேரு

முழுசா கேக்கல நீ. மொதல்ல அத ஒத்துக்க தம்பி, அப்பால மத்தத பேசலாம். கேக்காத பாட்ட, கேட்டேன் கேட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்லி, ஒண்ணும் தெரியாத மாதிரி ஏசி போட்டுகினு உக்காந்திருக்க. மொகத்த அந்தப் பக்கம் திருப்பாத. உங்கிட்டதான் பேசறேன்.

சோபா வேணாம்பா. நான் என் பெட்டி மேலயே உக்காந்துக்கறேன். இந்த ஸ்பீக்கர் பெட்டி இல்லன்னா உங்க கேட்டுல வாட்ச்மேன் என்னை விட்டிருப்பானா? என்னை மேலேர்ந்து கீழ பாத்தான், கைக்கு ஆயே, எதுக்கு வந்தேன்னான். மியூசிக் சார் வீட்டுக்கு ஸ்பீக்கர் டெலிவரின்னேன். ஓடிப்போய் லிஃப்ட தொறந்துவிட்டான். கொண்டாப்பூர்ல மனுஷிக்கு லிஃப்ட் கெடையாது, பெட்டிக்கு உண்டு.

என் பேரு வசந்தி. மெட்டுகூடா வசந்தி சவுண்ட்ஸ், கேட்டுப் பாரு. எங்க தாத்தா அரக்கோணத்துலேர்ந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தாரு, அதோட இந்தத் தெலுங்கு ஊரே எங்க ஊரு. நான் ஒத்தை பெட்டியில ஆரம்பிச்சேன். இன்னிக்கு மாப்பிள்ளை ஊர்வலம், அம்மன் கோயில் போனாலு, கணபதி, எதுன்னாலும் என் பெட்டிதான் கத்தும். எவன் எப்ப ஏமாத்துவான்னு எவன் எவனோ ஏமாத்தித்தான் கத்துகினேன். ஜீடிமெட்லாவுல ஒருத்தன் கல்யாணத்துக்கு எடுத்துகினு போய் ரெண்டு பெட்டிய கிழிச்சுட்டு, வரும்போதே கிழிஞ்சுதான் வந்துச்சுன்னான். அவன் மாமனாரு முன்னாடி அவன் ஷெர்வானி காலர புடிச்சேன் பாரு. அது போகட்டும்.

உங்கம்மா தங்கமா தமிழ் பேசறாங்க. வாங்கம்மா காபி சாப்புடுங்கன்னாங்க. நீ இன்னாடான்னா தமிழ்ல கேட்டா தெலுங்குல பதில் சொல்ற, கோவம் வந்தா இங்கிலீஷு. பரவால்ல, எங்க வீட்டுப் புள்ளைங்களும் அப்படித்தான். புரியுதுல்ல? அது போதும்.

நான் ஒண்ணும் உன்னை தெரியாம வரல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போன்ல உன் ஷோவ கேக்கறவ. புதுசா வந்த பாட்ட நாலா பிரிச்சுப் போடற. மொதல்ல சோலு, அதான் மனசு உருகிப் பாடறது, அப்பால ஹிப்ஹாப்பு, அப்பால பாப்பு, கடைசில டான்ஸு. நீ டான்ஸுல எத எடுத்து வைக்கிறியோ, அதத்தான் சனிக்கெழம ஊர்வலத்துல பசங்க போடு போடுன்னு கேக்கறாங்க. நல்லாவும் சொல்ற, இல்லேங்கல. அந்தக் கறுப்புப் பொண்ணு ஒருத்தி சர்ச்சுல பாடற மாதிரி பாடினாளே, அத கேட்டு நானே அடுப்ப அணைச்சுட்டு நின்னேன்.

ஒண்ணு கேக்கறேன். மத்தவங்கள்லாம் டான்ஸத்தானே முன்னாடி வைக்கறாங்க, கூட்டம் சேரும்னு? நீ ஏன் சோல முன்னாடி வைக்கிற?

யாரோ எழுதிக் கேட்டாங்களா. ம். சரி. அத அப்பிடியே வச்சுக்க, அதுக்கு அப்பறம் வரேன்.

ரக்ஷிதான்னு ஒரு பொண்ணு உனக்கு பாட்டு அனுப்புச்சு. ஹவ், ஆமா, அதேதான், பட்டு பட்டு. நீ இன்னா சொன்ன? அப்பிடியே சொல்றேன் பாரு, எனக்கு மனப்பாடம். பட்டு பட்டுன்னு வருது மாமா, பக்கத்துல யாரு இருந்தாலும் இடுப்ப புடி, ஸ்பீக்கர் ஒடைற வரைக்கும் ஆடுன்னு சொன்ன. சொல்லிட்டு டான்ஸுல போட்ட, கடைசியா. அதுவும் ட்ரம்மு விழற எடத்துலேர்ந்து போட்ட. முன்னாடி இருந்தத வெட்டிட்ட.

ஏம்பா, வெட்டினியா இல்லையா? இன்ட்ரோ நீளமா இருந்துச்சா? எத்தினி பேரு அனுப்பறாங்க, எல்லாத்தயும் மொதல்லேர்ந்து கேக்க முடியுமான்னா, கேக்க முடியாதவன் சொல்லக் கூடாது. அவ்ளோதான். நான் பெட்டி குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் காத வச்சுப் பாத்துதான் குடுக்கறேன்.

தெலுங்குல பட்டுன்னா புடி. எனக்குத் தெரியாதா, இந்த ஊருலயே பொறந்தவ. ஆனா அந்தப் பொண்ணு பாடினது தமிழு. தமிழ் வீட்டுப் புள்ள, பட்டுன்னா உனக்கு ஒரு பொடவைகூடவா ஞாபகம் வரல? நக்கோ, பொடவையும் இல்ல. அது பேரு. ஒரு பொம்பள பேரு.

சிரிக்காத.

போன வாரம் கூக்கட்பள்ளியில ஒரு ஊர்வலம். மாப்பிள்ளை குதிரை மேல. என் பெட்டி, என் வண்டி. அவனோட தோஸ்துங்க போன சொருவி நீ வெட்டின அந்தப் பாட்ட போட்டானுங்க. பட்டு பட்டுன்னு ஒருத்தன் இடுப்ப ஒருத்தன் புடிச்சுகினு ரயிலு வுடறானுங்க. தண்ணி போட்ட ஒரு பெருசு, நடுரோட்டுல படுத்துகினு பட்டு பட்டுன்னு கைய நீட்டுது. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல. போய் வயர புடுங்கிட்டேன். அப்பிடியே கப்சிப். குதிரைகூட திரும்பிப் பாத்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. வேற எந்தப் பாட்டு வேணா ஆடுங்க, இதுக்கு ஆடினா என் பெட்டி பாடாதுன்னேன். யாருக்கும் புரியல. பைத்தியம்னு நெனச்சுகினாங்க. நெனச்சுகினு போவட்டும்.

சரி, இத எங்க சொருவணும்? கொஞ்சம் எழுந்திரு. முழு பாட்டும் என் போன்ல இருக்கு. அந்தக் குட்டி ஸ்பீக்கர்ல வேணாம், என் பெட்டியில கேளு. பேசாத. தலைய ஆட்டாத, இது தலையாட்டற எடம் இல்ல.

…

கேட்டியா?

டொக்கு டொக்குன்னு வருதே, அது ட்ரம்மு இல்லப்பா. சோத்துத் தட்டு. கவுத்துப் போட்டு வெரலால தட்டியிருக்கா. அவங்கம்மா ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா, கதவ தட்டினா புருஷங்காரன் எழுந்துடுவான்னு ஜன்னல் கிட்ட நின்னுகினு கம்பிய அப்பிடித்தான் தட்டுவா. டொக்கு டொக்கு, கொஞ்சம் நிறுத்தி, டொக்கு. புள்ள எழுந்து வந்து தொறந்துவிடும். அதத்தான் அவ பாட்டா வச்சிருக்கா. அப்பால பேசறாளே, பாடல, பேசறா. அவரு போயிட்டாரு பட்டு, கதவு தொறந்துதான் இருக்கு பட்டு, நீ தட்டவே வேணாம் பட்டுன்னு. அதத்தான் நீ வெட்டின.

எங்க வீட்டுல எல்லாரும் அவள பட்டுன்னுதான் கூப்புடுவோம். கேட்டுக் கேட்டு, பெத்த பொண்ணும் பட்டுன்னே கூப்புட்டுச்சு. அம்மான்னு சொல்லுடின்னு நான் எத்தினியோ தடவ மண்டையில கொட்டியிருக்கேன். கேக்கல.

ஹவ். என் தங்கச்சி. கூடப் பொறந்தவ.

புருஷன் பேரு சாம்பசிவம். கையில எது கெடைக்குதோ அதால அடிப்பான். பட்டான்செருவுல மாத்திரை கம்பெனியில வேல அவளுக்கு. ஒரு நாளு வேலைக்குப் போனவ திரும்பி வரல. எங்கிட்ட யாரோ போன்லேர்ந்து ஒரே ஒரு தடவ பேசினா. அக்கா, உசுரோட இருக்கேன், தேடாத, நீ தேடினா உன் பின்னாலயே அவனும் வருவான், ரக்ஷிதாவ நீ பாத்துக்கன்னா. வச்சுட்டா. அந்தாளு இன்னா பண்ணான் தெரியுமா? அவ போட்டோவ போட்டு, மூள சரியில்லாதவ காணும்னு ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுலேர்ந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஒட்டினான். அவ அத பாத்திருப்பா. பாத்தவ இன்னும் தூரமா போயிருப்பா.

இப்ப அந்தாளு செத்துட்டான். ஈரல் போச்சு. நல்லதா கெட்டதா, நான் சொல்ல மாட்டேன். ஆனா அது அவளுக்குத் தெரியாதே. எங்க இருந்தாலும் இன்னும் பயந்துகினு, பின்னால திரும்பிப் பாத்துகினு நடப்பா.

போலீசா? போனேன். பெரிய பொம்பள, அவளா போயிருக்கா, நாங்க இன்னா பண்றதுன்னாங்க. பேப்பர்ல போடலாமேன்னா? நீயே யோசி. மறுபடி அவ மொகம் எங்கயாவது வந்தா யாரு போட்டதுன்னு நெனப்பா? அவந்தான்னு நெனச்சு ஓடுவா. நம்ம கிட்டேர்ந்து எது போனாலும் அது அவன் வைக்கிற வலைன்னுதான் தோணும். ஆனா அவ பொண்ணு குரலு, அந்தத் தட்டு சத்தம், அது அவனுக்குத் தெரியாது. தூங்கறவனுக்கு எப்பிடித் தெரியும்? அத கேட்டா நம்புவா.

இதெல்லாம் அந்தப் பொண்ணு உனக்கு எழுதியிருக்கலாம்தான். நானும் சொன்னேன், எழுதுடி, ஐயோ பாவம்னு போடுவான்னேன். ஐயோ பாவம்னு என் பாட்ட போட வேணாம் பெரிம்மா, நல்லாருந்தா போடட்டும்னா. என் ரத்தம், வீம்பு எங்க போவும்? நீ போட்டதும் குதிச்சா. கேட்டா. முடியற வரைக்கும் கேட்டுட்டு போன கவுத்து வச்சுட்டு உள்ள போயிட்டா. அதுலேர்ந்து வாயத் தொறந்து ஒரு பாட்டு பாடல. பார்ட்டிக்கு வரியா, பட்டு பட்டு ஆடறியான்னு போன் வருது அவளுக்கு.

இப்ப பேரத்துக்கு வரேன். அந்த பழைய ஷோவ எடுத்துடு. தப்பா சொன்னேன், மன்னிச்சுக்கங்கன்னு தனியா ஒரு ஷோ போடு.

முடியாதா. எத்தினி பேரு பாத்திருக்காங்க, எடுக்க மாட்டேன்னா. சரி, இருக்கட்டும், எடுக்காத. தனி ஷோ வேணாம். நாளைக்கு வெள்ளிக்கெழம. நாளைக்கு ஷோவுல இந்தப் பாட்ட திரும்ப வை.

இன்னா ரூலு? ஒரு தடவ சொன்னத திரும்ப சொல்ல மாட்டியா? புதுசு மட்டுந்தானா? போன மாசம் வந்த பாட்டு அதுக்குள்ள பழசா! தம்பி, யாருக்காக பாடினாளோ அவ இன்னும் கேக்கல. அவ கேக்கற வரைக்கும் அது ரிலீஸே ஆகல, புரியுதா?

மன்னிப்பும் வேணாம், போ. நான் எறங்கி வரேன், நீ ஒரு படி ஏறி வாயேன். நீ அடுத்து எங்க ப்ரோகிராம் பண்ணாலும் என் நல்ல பெட்டிங்க வரும், கை நீட்டி ஒண்ணும் வாங்க மாட்டேன். மெட்டுகூடாவுல போய் சொல்லு, வசந்தி சும்மா பெட்டி குடுக்கறாளாம்னு. ஒருத்தனும் நம்ப மாட்டான். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு சோலுல வை. மொதப் பாட்டா வை. வெட்டாம வை.

இன்னா? டான்ஸுலயே திரும்ப வைக்கிறேன், அங்கதான் ஆளு நெறைய கேக்கறாங்களா? நெறைய பேர வச்சுகினு நான் இன்னா பண்ண? ஊர்வலமா வுடப்போறேன்? எனக்கு ஒரு ஆளு கேக்கணும்.

சோல முன்னாடி வைக்கச் சொல்லி யாரோ எழுதினாங்கன்னியே. யாரு?

யோசி. நீயே சிரிச்சுகினு ஷோவுல படிச்ச. ஷேர் ஆட்டோவுல கேக்கறேன் தம்பி, சோல கடைசில வைக்கறீங்க, அதுக்குள்ள என் ஸ்டாப்பு வந்துடுது, முன்னாடி வைங்க. டான்ஸு வேணாம், நாள் பூரா மெஷினு ஆடறத பாத்துகினுதான் இருக்கேன்னு. நீ கூட ஒரு பேரு வச்சியே அவளுக்கு.

ஹவ். பட்டான்செரு அக்கா.

அன்னிக்கு, அவ காணாம போறதுக்கு முன்னாடி, எனக்கு போன் பண்ணி, அக்கா என் பேச்ச ஷோவுல படிச்சாங்கக்கா, எனக்காக மாத்திட்டாங்கக்கான்னா. அவ்ளோ சந்தோஷமா அவ பேசி நான் கேட்டதே இல்ல. அவ சொல்லி இந்த ஒலகத்துல மாறினது அது ஒண்ணுதான். வேற எத வுட்டாலும் உன் வெள்ளிக்கெழமய வுட மாட்டா. சோலு கேப்பா, ஹிப்ஹாப்பு கேப்பா, பாப்பு கேப்பா, டான்ஸுன்னு நீ கத்தினதும் காதுலேர்ந்து எடுத்துடுவா. அவ எடுத்ததுக்கு அப்பால அவ பொண்ணு கூப்புட்டிருக்கு.

அவதான்பா பட்டு.

இன்னா, எழுந்துட்ட? தண்ணி குடி. அழறதெல்லாம் அப்பறம் வச்சுக்கலாம், எனக்கு அது ஆவாது. மைக்கு எங்க, அந்த செவப்பு லைட்ட போடு, நாளைக்கு ஷோவ இப்பவே பதிவு பண்ணு. தட்டு சத்தத்துலேர்ந்து போடு, நடுவுல பேசாத. முடிஞ்சதும் ஒண்ணே ஒண்ணு சொல்லு. தெலுங்குல சொல்லு, இங்கிலீஷுல சொல்லு, ஆனா ஒரு தடவ தமிழ்ல சொல்லு. பட்டான்செரு அக்கா, பட்டுன்னா புடி இல்ல, அது உன் பேருன்னு. நீ கெடுத்தத நீயே சரி பண்ணு, தம்பி. சொல்லு. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்.