மாலை வேண்டாம், சாவியை வையுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்க நிர்வாகிகளே, உப்பளம் கார் ஸ்டாண்டின் டிரைவர் தோழர்களே, மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் குருசுக்குப்பத்துத் தாய்மார்களே, மனைவியின் படத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கிரி அண்ணே, அவருக்குச் சற்றுத் தள்ளி மாலையோடு உட்கார்ந்திருக்கும் கார் முதலாளி மதிவாணன் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இரங்கல் சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிகிறது. ஒரு சங்கத் தலைவர் பேசும் பேச்சா இது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நம் சங்கத்தின் செயலாளர், இந்த ஸ்டாண்டின் முதல் பெண் டிரைவர், வீராங்கனை அஞ்சலாட்சி சாகவில்லை தோழர்களே, கொல்லப்பட்டார்! வாசலில் ஒருவர் "எல்லாம் விதி" என்றார். எது விதி? பிரேக் ஆயில் ஒழுகியது விதியா? ஒழுகுகிறது என்று தெரிந்தும் வண்டியை ஓட விட்டது விதியா?

டிரைவர் அல்லாதவர்களும் வந்திருக்கிறீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் குழாயில் இருக்கும் எண்ணெய் வழியே ஓடிப்போய் நாலு சக்கரத்தையும் பிடிக்கிறது. எண்ணெய் ஒழுகினால் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்று நசுங்கும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஒரு பாதி கெட்டால் மறு பாதி பிடிக்கட்டும் என்றுதான் வண்டி செய்தவன் இரண்டு வழி வைத்திருக்கிறான். மதிவாணன் அவர்களே, உங்கள் வண்டியில் ஒரு வழி எப்போதோ செத்துவிட்டது. மிச்சமிருந்த பாதியை நம்பி எங்கள் அஞ்சலாட்சியை ஓட்டச் சொன்னீர்கள்!

அமாவாசை தவறாமல் நீங்களே குனிந்து சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறீர்கள். பூசணிக்காய் உடைக்கிறீர்கள். போன அமாவாசைக்கும் குனிந்தீர்கள். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாகப் பளபளத்தது உங்கள் கண்ணில் படவில்லையா? பட்டது!

"என்னாது இது, தண்ணியா?" என்று கேட்டீர்கள்.

"தண்ணி இல்லண்ணே, பிரேக் ஆயிலு ஒழுவுது. ஒரு வாட்டி மிதிச்சா புடிக்கல, ரெண்டு மூணு வாட்டி மிதிச்சாதான் புடிக்குது" என்றார் அஞ்சலாட்சி.

"நல்ல நேரம் போவுது, மொதல்ல பழத்து மேல வண்டிய ஏத்து" என்றீர்களே! ஸ்டாண்டே கேட்டது. அன்றைக்கே சங்கம் உங்களிடம் வந்து சொன்னது. "சனி ஞாயிறு டூரிஸ்ட்டு வர்றான், திங்கக்கெழம பாக்கலாம். அவ ஓட்டலன்னா சாவிய குடுக்கட்டும், புதுசா ஒரு பையன் வந்திருக்கான்" என்றீர்கள். அந்தப் பையன் கைக்கு அந்த வண்டி போய்விடக் கூடாது என்றுதான் அஞ்சலாட்சி சாவியைக் கொடுக்கவில்லை. டூரிஸ்ட் சவாரியும் எடுக்கவில்லை. திங்கட்கிழமைவரை வண்டியை ஸ்டாண்டிலேயே நிறுத்தி வைக்கத்தான் பார்த்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து நம் குருசுக்குப்பத்துத் துர்கா போன் செய்தார். பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கிறார், மற்ற வண்டிகள் எல்லாம் டூரிஸ்ட் சவாரியில், வேறு வண்டி கிடைக்கவில்லை. அஞ்சலாட்சி மெதுவாகத்தான் போனார், மெதுவாகத்தான் திரும்பினார். குருசுக்குப்பம் திருப்பத்தில் மிச்சமிருந்த குழாயும் வெடித்தது. எதிரே சாலையோரம் மீன்கூடைகள். கூடைக்குப் பின்னால் நீங்கள், தாய்மார்களே!

துர்கா சொன்னதைத்தான் சொல்கிறேன். பெடல் தரையைத் தொட்டது. விட்டு விட்டு மிதித்தார், அழுத்தம் ஏறவில்லை. கியரைக் குறைத்தார். ஹாரனை அடித்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அதன் கேபிளும் தொளதொளத்துக் கிடந்தது! வேகம் பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று வலது ஓரமாக நின்றிருந்தது. குழந்தை பின்சீட்டின் இடது பக்கம்.

"யம்மா, புள்ளைய கெட்டியா புடிச்சிக்க" என்றாராம். அவ்வளவுதான். தன் பக்கத்தை, வலது பக்கத்தை, அந்த லாரிக்குக் கொடுத்தார். தகரம் கிழிந்து தோளில் இறங்கியது. ஸ்டியரிங் நெஞ்சை நொறுக்கியது. கதவை அறுத்து வெளியே எடுத்தபோது வலது கால் பெடலிலேயே இருந்தது. செத்த பிறகும் மிதித்துக்கொண்டிருந்தாள் தோழர்களே!

அந்தக் குழந்தை இந்த மண்டபத்தில் இருக்கிறது. இப்போது அழுததே, அந்தக் குரல்தான்.

மதிவாணன் அவர்களே, உங்கள் மற்ற கார்களில் நாளைக் காலை சவாரி இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறுவார்கள். அந்தச் சக்கரங்களுக்குப் பின்னால் யார் குனிந்து பார்த்தது? அவற்றை ஓட்டும் தோழர்களே, சாவி உங்கள் சட்டைப்பையில்தானே இருக்கிறது? எழுந்து வாருங்கள். அஞ்சலாட்சியின் படத்துக்கு முன்னால் வையுங்கள். பிரேக்கைப் பிரித்துப் பார்த்து, குழாய் மாற்றி, மிதித்த மிதிக்கு வண்டி நிற்கிறது என்று நம் சங்கம் கண்ணால் காணும்வரை ஒரு சாவியும் இந்த மேசையை விட்டுப் போகாது. வேலை போனால் போகட்டும், நாங்கள் சோறு போடுகிறோம்!

இதோ, வடிவேல் வைத்துவிட்டார். பூவிழியும் வருகிறார். வாருங்கள், வாருங்கள்.

முதலாளியும் எழுந்துவிட்டார். வழி விடுங்கள், யாரும் கை வைக்கக் கூடாது. ஐயா, மாலையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டு ஆணியில் மாற்றுச் சாவிகள் தொங்குகின்றன அல்லவா? போய் அவற்றை எடுத்து வாருங்கள். விடிந்தாலும் பரவாயில்லை, நாங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம்.