இரவலுக்கு ஒரு சிவப்பு லைட்டு

இருங்க தங்கச்சி, அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். இந்த ரூம்லதான் இருக்கும், எங்க போயிடப் போகுது. அந்தத் துணிய நகத்திட்டு உக்காருங்க. எங்க வீட்டுக்காரி பார்லர்லேருந்து போன் பண்ணிட்டா. என் கஸ்டமர் ஒருத்தி வருவா, தைராய்டுக்கு நான் வெச்சுக்கற சிவப்பு லைட்ட அவகிட்ட குடுத்துடுங்க, இரவல்தான்னு. ரெண்டு தடவ சொன்னா. நான் மறந்துடுவேனாம்.

இதான். ஒரு பலக முழுக்க சின்னச் சின்ன பல்பு, அவ்வளவுதான் சமாச்சாரம். ஸ்டாண்டு கொஞ்சம் ஆடும். ஸ்விட்சும் சமயத்துல மக்கர் பண்ணும். ஒண்ணு செய்யலாமா, ரிப்பேர் பாத்துட்டு அடுத்த வாரம் நானே கொண்டாந்து குடுத்துடறேனே?

ஐயோ, குடுக்க மனசில்லாம சொல்லலம்மா. போட்டுப் பாத்துடலாமா, சரி. ம், எரியுது. இன்னிக்குன்னு பாத்து நல்லாத்தான் எரியுது.

உங்ககிட்டயும் சொல்லிட்டாளா? முடி வெட்ட வர்றவங்க, புருவம் திருத்த வர்றவங்க, ஒருத்தர விடறதில்ல. நாற்காலியில உக்கார வெச்சு துண்டப் போத்திட்டா அவங்களும் எங்க எழுந்து ஓட முடியும். போன வருஷம் அவளப் பாத்திருப்பீங்களே. முகம் உப்பி, குரல் கட்டிப்போயி, நின்ன எடத்துல தூங்கி வழிஞ்சுக்கிட்டு. சீப்ப வெச்சா கொத்தா முடி வரும். அடுத்தவங்க தலைய அழகு பண்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்து, காலம் பூரா போடணும்னாரு. அந்தக் காலம் பூராதான் அவளுக்கு ஆகல. இந்த வயசுலயே என்ன நோயாளி ஆக்கிட்டாங்கன்னு உக்காந்து அழுதா. யார் பேச்சயோ கேட்டு இந்த லைட்ட வாங்கினா. வந்த அன்னிக்கே மாத்திரைய தூக்கிக் குப்பையில போட்டுட்டா. நான் சத்தம் போட்டேன். கொஞ்ச நாள் மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டா, அவ்வளவுதான் நடந்துச்சு.

இல்ல, உடனே எங்க கேட்டுச்சு. மொதல்ல இன்னும் மோசமாத்தான் ஆச்சு. மாடி ஏறறதுக்குள்ள ரெண்டு எடத்துல நிப்பா. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா தேறினா. ரத்தத்துல பாத்தாங்க, எல்லாம் சரியா இருக்குன்னு வந்துச்சு. அன்னிக்கு சந்தோஷத்துல இந்த லைட்டுக்கு ஒரு முத்தம் குடுத்தா. நானும் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

சிரிங்க, சிரிங்க. ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மாத்திரை போட்டுக்கிட்டுதானே இருக்கீங்க?

எப்ப விட்டீங்க?

போன மாசமேவா. அவ சொல்லியா.

இல்ல, படி ஏறி வரும்போதே பாத்தேன், பாதியில நின்னு கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டீங்க. இந்தப் புழுக்கத்துல ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க. எனக்கு இங்க சட்ட நனையுது.

ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கிறீங்களா? நான் குடிச்சுக்கறேன்.

நான் கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவன், அவ சொல்லியிருப்பா. எங்க வண்டியில வாத்தியார் காலுக்கடியிலயும் ஒரு பிரேக் உண்டு. புதுசா ஓட்டறவங்க பதறினா நான் சத்தமில்லாம அமுக்கிடுவேன். வண்டி நின்னதும், நல்லா நிறுத்தினீங்களேம்பேன். அவங்களுக்கு ஒரு தைரியம் வரும். பல வருஷப் பழக்கம் அது, வீடு வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் ஒரு வண்டியிலதான் உக்கார முடியும். இவ பார்லர்லேருந்து இப்படி எத்தன பேர அனுப்பி வெச்சாளோ, அவங்க பக்கத்துல யார் உக்காந்திருக்காங்க? அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது தங்கச்சி. தெனமும் அவகிட்ட சொல்லிடணும்னு வாயெடுப்பேன். அவ கண்ணாடி முன்னாடி பாடிக்கிட்டே தல சீவிக்கிட்டிருப்பா. குரல் திரும்பி வந்துடுச்சில்ல. சரி, நாளைக்கு சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன்.

இருங்க, எழுந்துக்காதீங்க, வயர சுத்தித் தர்றேன். லைட்ட எடுத்துட்டுப் போங்க, வேணாங்கல. கதகதன்னு சுகமாத்தான் இருக்குமாம். ஆனா இங்கேருந்து நேரா டாக்டர்கிட்ட போங்க. மாத்திரைய விட்டுட்டேன்னு உள்ளத சொல்லுங்க, திரும்ப ஆரம்பிச்சுடுங்க. எங்க வீட்லயும் விடல. ஆமா, அவளேதான், அவ போட்டுக்கிட்டுதான் இருக்கா. என்ன, அவளுக்குத் தெரியாது. இது முன்னாடி உக்காரும்போது கண்ணுக்குன்னு ஒரு கறுப்பு மூடி மாட்டிக்குவா, ஒண்ணும் தெரியாது அதுல. நான் வெந்நித் தண்ணியில மாத்திரைய நல்லா கரைச்சுக் கொண்டாந்து கையில குடுப்பேன். வெறும் வயித்துல மடக் மடக்குன்னு குடிச்சுடுவா. டம்ளரத் திருப்பித் தரும்போது, இந்த லைட்டு மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேங்கன்னு கேப்பா. ஆமாம்மா, அதுவும் சரிதான்னு சொல்லிட்டு, நான் போயி டம்ளரக் கழுவி வெச்சுடுவேன்.