ஹார்லனின் சம்மட்டி

இரவு பத்தேமுக்கால். மே மாதக் கடைசி. எங்கள் சரளைச் சாலையில் அந்த நேரத்துக்கு ஒரு வண்டிகூட வராது. சோளம் கணுக்கால் உயரம்தான். மறைப்பு ஏதும் இல்லாததால், அரை மைலுக்கு அப்பால் ஒருவன் இருமினாலும் கேட்கும்.

அந்தச் சாலையில்தான் லவோன் ஓடி வந்தாள்... ஒரு காலில் மட்டும் செருப்போடு.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை இது. கெர்மிட் இந்த வருஷம் டிராக்டர் இழுப்புப் போட்டிக்கு வரவில்லை. அவன் இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். லவோன் அவனுடைய தங்கை. அவள் புருஷன் ஓரின், எனக்கு எதிர்வீட்டுக்காரன். எலிப்பொறி வைக்கக்கூட மனசு வராத ஆள்.

அந்த வசந்தத்தில் ஹார்லன் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஹார்லன் பனிக்காலத்தில் செத்துப்போயிருந்தான். பெண்டாட்டி பெர்னிஸ், எப்போதும் தலைக்கு ஸ்பிரே அடித்து, கையில் மடித்த சமையலறைத் துணியோடு நிற்பவள், அதற்கு முந்தின வருஷம் அவனை விட்டுவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள் என்பது அவன் சொன்ன கதை. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஓரின் அங்கே ஒரு பழைய தோட்ட டிராக்டரை வாங்கினான். பின்சக்கரத்தின் நடுவில் அச்சில் மாட்டுகிற இரும்புக் குடம், அச்சோடு இறுகிப்போய், அசைய மாட்டேன் என்று நின்ற வண்டி. நம் ஆட்களைத்தான் தெரியுமே. ஓடுகிற வண்டியைக் கொடுத்தால் மூஞ்சியைச் சுளிப்போம், ஜாம் ஆனதைக் கொடுத்தால் சோறு தண்ணி வேண்டாம். கூடவே ஹார்லனின் சம்மட்டியும் வந்தது. கைப்பிடி தேய்ந்து தேய்ந்து, விரல் பதிந்த இடமெல்லாம் வழவழவென்று இருந்தது.

அந்தக் குடத்தின் கதை ஊருக்கே தெரியும். ஒன்பது வருஷம் ஹார்லன் அதோடு மல்லுக்கட்டினான். ராத்திரியானால் அவன் ஷெட்டிலிருந்து சத்தம் வரும். டப்... டப்... இரும்பில் அடித்தால் டங்கென்று கேட்க வேண்டும், இது மந்தமாக இருக்கும். எண்ணெயில் ஊறிய குடம், அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டோம். பாவம், விடாக்கண்டன் என்று பெருமையாகக்கூடப் பேசினோம்.

ஓரின் முதல் இரவு துருநீக்கி எண்ணெய் ஊற்றினான். கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டிச் சுட்டான். குடத்தின் விளிம்பில் தட்டினான். லவோன் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தாள். புருஷன்மார் எல்லோரும் அந்த நேரத்தில் கத்துகிற கத்தல்தான் அவனும் கத்தினான்.

"நான் பாக்கற எடத்துல காட்டு! கூரையிலயா டிராக்டர் இருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். அண்ணன் தம்பிகளுக்கு விளக்குப் பிடித்து வளர்ந்தவள்.

இரண்டாம் இரவு அவன் கத்தவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, விளக்கை வேண்டிய இடத்துக்குத் திருப்பினான். எலும்பு நெரிந்தது என்று அவளே என்னிடம் சொன்னாள். காலையில் தபால் பெட்டி ஓரம் கையைக் காட்டினாள், ஐந்து விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

"அந்த வண்டி வந்ததுலேருந்து அவன் அவனா இல்ல. எனக்கு என் ஓரின் வேணும். நீ ஒரு வார்த்தை சொல்லேன், அத வித்துடச் சொல்லி."

"குடம் விட்டுச்சுன்னா எல்லாம் சரியாயிடும், லவோன். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும்."

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

மூன்றாம் இரவு. ஷெட்டுக்குள் சுட்ட எண்ணெய் வாடை. அதோடு இன்னொரு வாடையும் இருந்ததாம்... பெண்கள் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேயின் வாடை. லவோன் அதெல்லாம் அடிக்கிறவள் இல்லை.

குடத்தைக் கவ்வி அச்சிலிருந்து இழுத்தெடுக்கிற புல்லரை மாட்ட வேண்டும். அதன் நடு போல்ட் அச்சின் முனையில்தான் போய் அழுத்தும், அதனால் ஓரின் முனையைத் துடைத்தான். லவோன் விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். கம்பெனியில் அடித்த மஞ்சள் பெயிண்ட், அப்படியே இருந்தது. ஒரு குழி இல்லை, ஒரு கீறல் இல்லை.

அவன் போல்ட்டை முறுக்கினான். முழு பலத்தோடு முறுக்கினான். இரும்பு கிர்ரென்று முனகியது. சூடு காட்டினான். இன்னும் முறுக்கினான். லவோனுக்கு மட்டும் அந்த மஞ்சள் பெயிண்ட் மனசைவிட்டுப் போகவில்லை.

"ஓரின்... இதுல யாரும் புல்லரே மாட்டினதில்ல. நீ தட்டினத விட்டா சம்மட்டி பட்ட தழும்பே இல்ல. அப்ப அந்தாளு ஒன்பது வருஷமா எதப் போட்டு அடிச்சான்?"

ஓரின் நிமிர்ந்தான். சம்மட்டியை எடுத்தான். குடத்தின் பக்கம் திரும்பவில்லை... அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபம்கூட இல்லையாம். பழகிப்போன வேலையைச் செய்கிறவன் முகம்.

"வாய மூடு, பெர்னிஸ்."

ஓங்கினான்.

படார்!

குடம் விட்டது. அத்தனை முறுக்கும் ஒரே நொடியில் அவிழ்ந்து, புல்லரும் குடமுமாகப் பறந்து வந்து அவன் முழங்கையில் அடித்தது. கை பின்பக்கமாக மடிந்தது. எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சம்மட்டி கீழே விழுந்தது. அவன் சிமெண்ட் தரையில் கிடந்து, "லவோன்... லவோன்..." என்று அழுதான். இந்த முறை சரியான பெயர். அவளுடைய ஓரின் திரும்பி வந்துவிட்டான்.

ஆம்புலன்சுக்குச் சொல்லத்தான் அவள் ஓடி வந்தாள். அவர்கள் வீட்டுத் தொலைபேசி இடியில் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

நான் வாசல் படியில் பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து என் சட்டையைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. அப்போது எதிர் ஷெட்டிலிருந்து அந்தச் சத்தம்.

டப்.

சரி, சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறானே. அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று கையைக் குவித்துக் கத்தினேன்.

"டேய் ஓரின்! இன்னும் கொஞ்சம் சூடு காட்டுடா! அப்பறம் ஓங்கிப் போடு!"

டப்... டப்...

லவோன் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

"அவன் கை ஒடிஞ்சு கெடக்கான்... உள்ள வேற யாரும் இல்ல..."

டப்.

நான் போயிருக்க வேண்டும். நூறு அடிதான் தூரம். படியைவிட்டு இறங்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லுங்கள், சொல்லிக்கொள்ளுங்கள். அடிகளை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இடையில் ஒரு முறை ஓரினின் குரல் கேட்டது, வார்த்தையாக இல்லை. அப்புறம் அதுவும் இல்லை. பதினொன்றோடு நின்றது.

புல்லர் தெறித்து ஆள் செத்தான், ஒரே அடி என்று ஷெரிஃபின் ஆள் எழுதிக்கொண்டு போனான். ஒரே அடியில் ஒரு மனிதனுக்கு முகமே இல்லாமல் போகுமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவனோடு நானும் ஷெட்டுக்குள் போனேன். தரையெல்லாம் ரத்தம். சம்மட்டி தரையில் இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சுவரில் நிறுத்தி வைத்திருந்தது. நன்றாகக் கழுவி, சமையலறைத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் நான்காக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தது.

கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இன்னும் காயவில்லை.