வெளித் தாழ்ப்பாள்

கதவு வேலை செய்கிறவன் வீட்டில்தான் கதவு ஒழுங்காக மூடாது, ஐயா. எங்கள் பின்னறைக் கதவும் ஈரத்தில் உப்பிப்போய் இழுபட்டுக்கொண்டிருந்தது. போன மாதம் அதைக் கழற்றிச் சுரண்ட உட்கார்ந்தேன். அக்கா காத்திருக்கிறாள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மேலே வெள்ளை பெயின்ட், அக்காவின் கல்யாணம் நின்றுபோன வருஷத்தது. அதற்குக் கீழே நீலம், நான் தொழிலுக்கு வந்தபோது அடித்தது. கடைசியாகப் பச்சை. அம்மா யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று அப்பா எல்லோரிடமும் சொன்ன வாரத்தில் அடித்தது அது. பச்சைக்கு அடியில் உள்பக்கம் முழுக்கப் பட்டி பூசி மூடியிருந்தார். உளியால் கிளறினேன். நகக் கீறல்கள். ஒன்றில் நகமே ஒடிந்து நின்றது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கிட்டே வரவில்லை.

"அப்ப எனக்கு ஒம்பது வயசுடா. எலி பிராண்டுதுன்னு அப்பா சொன்னாரு. நாலு நாள் பிராண்டிச்சு. அப்புறம் கிணத்த மண்ணு போட்டு மூடிட்டாரு."

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. கதவின் வெளிப்பக்கத்தில் பழைய தாழ்ப்பாளின் திருகு ஓட்டைகள் நாலு இருந்தன. அளவு சரியாக இருந்ததால் புதுத் தாழ்ப்பாளை அதிலேயே முடுக்கினேன். அப்பா எண்பது வயது மனிதர், நினைவு தப்பித் தெருவில் அலைகிறவர், பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் உள்ளே விட்டுப் பூட்டினேன். தட்டினார். அக்கா சாவி கேட்டாள். "எலிதான்" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் திறந்தேன். உயிர் இல்லை. டாக்டர் அவர் விரல் முட்டிகளில் இருந்த காயங்களைப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பினார்.

மறுநாள் காலையில் அக்கா செருப்பை மாட்டினாள். "அம்மாவுக்காகவும் வாயத் தொறக்கல, அப்பாவுக்காகவும் தொறக்கல. இன்னிக்காவது போய்ச் சொல்லிடறேன்டா" என்றாள். பாவம், பயந்த சுபாவம் அவளுக்கு. நாலு பேர் நாலு கேள்வி கேட்டால் தாங்கமாட்டாள். அவள் வெளியூர் போயிருக்கிறாள் என்று உங்களிடம் சொன்னது மட்டும்தான் பொய்.

பட்டறையிலிருந்து என்னை நீங்கள் அழைத்துவந்து இன்றோடு நாலு நாள். என்னிடம் வாங்கி மேஜையில் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கொத்தில் சின்னச் சாவிதான் பின்னறைக்கு.

நான் அப்பாவைப் போல இல்லை, ஐயா. இந்தத் தடவை ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் பூட்டினேன்.